பிள்ளைகளை ஹோமில் சேர்க்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அக்கா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அத்தான் அதற்கு முன்பே போய்விட்டார். பையனுக்கு 15, பத்தாவது முடித்தவன். பெண் பிள்ளைக்கு 11. இரண்டு பேரும் ஆலங்குளம் பக்கத்தில் அப்பா வழி ஆச்சியோடு இருக்கிறார்கள், ஆச்சி பீடி சுற்றித்தான் சோறு போடுகிறாள், அவளுக்குக் கண்ணும் சரியில்லை. நான் பாளையங்கோட்டையில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறேன். அதனால் ஹோமில், அதாவது குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் தப்பு, நேராக ஹோமுக்குப் போனது. ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இல்லாமல் சேர்க்க முடியாது என்றார்கள். அது சட்டம், அவர்கள்மேல் குற்றமில்லை. அடுத்து திருநெல்வேலியில் ஓர் ஆபீசுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். மூன்றரை மணிக்கு மேல் ஒருவர் ஆதாரைப் பார்த்துவிட்டு, "ஆலங்குளம் 2019லயே தென்காசி மாவட்டம் ஆயிட்டும்மா, அங்க போங்க" என்றார். இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம். பிள்ளை பசியில் என் தோளிலேயே தூங்கிவிட்டாள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர் ஓர் இடம் சொன்னார். பேப்பரே வேண்டாம், இன்றைக்கே விட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள். பதிவு எண் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். தயவுசெய்து இப்படிப்பட்ட இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவில்லாமல் இல்லம் நடத்துவதே குற்றம். சந்தேகம் வந்தால் 1098க்குப் போன் பண்ணுங்கள்.

குழு கூடும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள், இறுதி உத்தரவுக்கு மூன்று உறுப்பினர்களாவது இருக்க வேண்டும். நான் கேட்காமல் போய் ஒரு நாள் சம்பளத்தை விட்டேன்.

தென்காசியில் குழுவிடம் போனபோதுதான் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி இல்லம் என்று தெரிந்தது. "சித்தி, நாங்க ரெண்டு பேரும் ஒரே இடத்திலதான இருப்போம்?" என்று பிள்ளை வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்திருந்தாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அதைப் பார்த்த ஓர் அம்மாதான், வறுமைக்காகப் பிரிக்க வேண்டியதில்லை, ஆச்சி வீட்டிலேயே இருக்கட்டும், பிள்ளைகளுக்கான அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவு கேளுங்கள், மாதம் 4,000 ரூபாய் என்றார். கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். இதை ஒரு மாதத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

அந்த மனுவுக்கு வேண்டிய வருமானச் சான்று இ-சேவையில் சுலபமாகக் கிடைத்தது. இழுத்தது அத்தான் பெயர்தான். இறப்புச் சான்றில் வீட்டில் கூப்பிடுகிற பெயர், பள்ளிச் சான்றில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று விஏஓ விசாரித்து, தாசில்தார் ஆபீசில் கையெழுத்தாகி வர 19 நாள். உங்கள் வீட்டு இறப்புச் சான்றை இன்றைக்கே எடுத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் நான்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள், மனு கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

அப்புறம் பையன் பேட்டை அரசு ஐடிஐயில் ஃபிட்டர் சேர்ந்துவிட்டான். பஸ் பாஸ் இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. தென்காசி ரோட்டு பஸ்ஸில் காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறான். பிள்ளைக்குப் பணம் வர ஐந்து மாதம் ஆனது. முதல் தடவை வந்த அன்று ஆச்சி பாஸ்புக்கை என் கையில் கொடுத்து, இன்னொரு தடவை வாசி என்றாள்.