பெலால் நாட்கள்

ஜனவரி 12, 2024
கணினிக்குள் பாலிமர் இழைகள் இன்றும் சுருளவில்லை. துகள்களின் அசைவைக் கணக்கிடும் லாம்ப்ஸ் மென்பொருள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வெப்பநிலைக் கோடு அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

ஜனவரி 13
விரதம் வருகிறது. அம்மா மீன் சட்டிகளைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

ஜனவரி 14
பெலால் புயல் ரீயூனியன் தீவை நெருங்கிவிட்டது, அடுத்தது மொரீஷியஸ், நாம்தான். கடையில் ரொட்டியும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. என் கவலை வேறு. மின்சாரம் போனால்?

ஓட்டம் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடங்க உதவும் ரீஸ்டார்ட் கோப்புகள் இரண்டை மாற்றி மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை எழுதும்போதே மின்சாரம் போனால் அது குறைப்பிரசவம். மற்றது முழுதாக இருக்கும். ஒரே கோப்பின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் எந்தத் தைரியத்தில் தூங்குகிறார்களோ! 50,000 படிகளுக்கு ஒருமுறை என்றிருந்ததை 10,000 ஆக்கினேன். அடிக்கடி எழுதினால் ஓட்டம் மெதுவாகும். ஆகட்டும்.

ஜனவரி 15
மின்சாரம் இல்லை. போர்ட் லூயியில் கார்களை வெள்ளம் இழுத்துப் போகிறது; மாமா அலுவலக மாடியிலிருந்து படம் அனுப்பினார். பொங்கல் வைத்தோம், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு.

ஜனவரி 16
மின்சாரம் இல்லை. கோயிலில் கொடி ஏறிவிட்டதாம்.

ஜனவரி 17
வந்துவிட்டது! ஒரு கோப்பு பாதியில் நின்றிருந்தது. மற்றதிலிருந்து எழுப்பினேன். துகள்களின் இடம், வேகம், பெட்டியின் அளவு எல்லாம் சிதையாமல் வந்தன. வராத ஒன்று உண்டு: துகள்களுக்குச் சமவாய்ப்பாக உதை கொடுத்து வெப்பநிலையைக் காக்கும் ‘லாஞ்சவின்’ என்ற வெப்பச் சீராக்கியின் சமவாய்ப்பு எண் வரிசை எங்கே நின்றது என்பது. லாம்ப்ஸ் அதைக் கோப்பில் எழுதுவதில்லை. நோசே-ஹூவர் என்ற இன்னொரு சீராக்கியைப் பயன்படுத்தியிருந்தால் அதன் நிலையும் கோப்பில் ஏறியிருக்கும். இனி ஒவ்வொரு துகளும் வாங்கும் உதை வேறு. சராசரிகள் மாறாது, பாதை மாறிவிட்டது.

ஜனவரி 19
தூக்கம் வரவில்லை. 1961இல் எட்வர்ட் லோரென்ஸ் தன் வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டினார். கணினியின் நினைவில் இருந்தது 0.506127. அச்சான தாளில் 0.506. தாளைப் பார்த்துத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பழைய வானிலைக்கும் புதியதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

என் கோப்பில் ஓர் இலக்கமும் வெட்டுப்படவில்லை. ஆனால் கணினிச் செயலியின் எட்டு கோர்களில் ஓடியது இப்போது நான்கில் ஓடுகிறது. மீதியைப் பக்கத்து மேசைக்காரர் எடுத்துக்கொண்டார். கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் ஆடும். அந்த ஆட்டம் போதும்.

ஜனவரி 21
சுருண்டுவிட்டன! புயல் வராதிருந்தாலும் சுருண்டிருக்குமா? அதே கோப்பிலிருந்து, சமவாய்ப்பு எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் வித்து எண்களை மட்டும் மாற்றி, சில ஓட்டங்களை விட்டிருக்கிறேன். வரைபடத்தில் மின்வெட்டுக்கு முந்தையது நீலம், பிந்தையது சிவப்பு.

ஜனவரி 22
"சாப்பிடும்போதாவது அதை மூடி வை" என்கிறாள் அம்மா.

ஜனவரி 24
ஒன்றைத் தவிர எல்லா ஓட்டங்களிலும் சுருள்கின்றன. அந்த ஒன்றுதான் கண்ணிலேயே நிற்கிறது. நாளை காவடி, அம்மாவுக்குப் பால்குடம், விடியுமுன் கிளம்ப வேண்டும். மேற்பார்வையாளர் எழுதியிருக்கிறார்: கோடு நடுவில் ஏன் நிறம் மாறுகிறது, ஒரே நிறமாக்கி அனுப்பு என்று. மாட்டேன்.