டீச்சர் வீட்டு ட்ரங்குப் பெட்டி

அக்டோபர் 28, கோத்தகிரி

பெட்டியைத் திறந்தாயிற்று. மேலே அத்தையின் சால்வை, பூச்சிக்கு வைத்த வசம்புத் துண்டுகள். அடியில் இன்லேண்டு லெட்டர் கட்டுகள். ரப்பர் பேண்ட் உருகித் தாளோடு ஒட்டிக் கிடக்கிறது. பிய்த்தால் எழுத்தும் சேர்ந்து வரும். அப்படியே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 29

மழை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை.

அக்டோபர் 31

டீச்சர் கண் விழித்தார். "பெட்டி எங்க கண்ணு?" இருக்கிறது என்றேன். "தரையில வைக்காத, ஓதம் ஏறும்." மறுபடி தூங்கிவிட்டார்.

நவம்பர் 1

சித்தப்பா போன் செய்தார். "பழைய காகிதத்தை எல்லாம் கொளுத்திட்டு வீட்டைக் காலி பண்ணுடா."

1933 மே மாதம் பெர்லினில் தன்பாலுறவாளர்களுக்காகக் குரல் கொடுத்த மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிறுவனத்தை நாஜி மாணவர்கள் சூறையாடினார்கள். நான்கே நாளில் அங்கிருந்த நூல்கள் நகரச் சதுக்கத்தில் எரிந்தன. நம் வீடுகளில் அதற்குப் படை திரண்டு வர வேண்டியதில்லை. மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, போகி அன்று சொந்தக்காரர்களே முடித்துவிடுகிறார்கள். இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 3

பிஸ்கட் டப்பாவுக்குள் இரண்டு நாளிதழ்ப் பக்கங்கள். மேலே இருப்பது 2018 செப்டம்பர் 7. தன்பாலுறவு குற்றமில்லை என்று 377-ஆம் பிரிவு வழக்கில் முந்தின நாள் வந்த தீர்ப்பு. ஓரத்தில் அத்தையின் பென்சில் எழுத்து: "இன்று கேசரி." அடியில் 2013 டிசம்பர் 12. டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தந்த விடுதலையை உச்ச நீதிமன்றம் பறித்த செய்தி. அதில் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் மடிப்புகள் நைந்து கிழிந்திருக்கின்றன. எத்தனை தடவை பிரித்துப் படித்தார்களோ.

இதைப் பற்றி அத்தையும் டீச்சரும் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. ஊருக்கு அவர்கள் 'ரெண்டு டீச்சருங்க', அவ்வளவுதான்.

நவம்பர் 4

பூஞ்சை. ஸ்டுடியோ போட்டோவில் அத்தையின் தோள் வரை ஏறிவிட்டது. வெயிலில் காட்டக் கூடாது. காற்றாட நிழலில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 5

பால் கணக்கு நோட்டுகளை எதில் சேர்ப்பது? வருஷக்கணக்காக ஒரே நோட்டில் இரண்டு கையெழுத்தும் மாறி மாறி வருகின்றன. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் எழுத்து மட்டும். சேர்ந்து வாழ்ந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நியூயார்க்கில் பெண்ணை விரும்பும் பெண்களின் வரலாற்றைச் சேர்க்கும் லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்கைவ்ஸ் 1970-களில் ஒரு வீட்டுக்குள்தான் தொடங்கியது. பேர் பெற்றவர்களின் பொருள்தான் வேண்டும் என்று அவர்கள் பார்க்கவில்லை. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் இப்போது இப்படிப்பட்டவர்களின் நினைவுகளைச் சேர்க்கும் க்வாம்ரா காப்பகம் இருக்கிறது. பிரிக்காமல், இருந்த வரிசை கலையாமல் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷத்துக்குத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டும் காப்பகங்களுக்குக் கொடுக்க வழி உண்டு.

ஆனால் கொடுக்க நான் யார்? ஒருவர் போய்விட்டார். இன்னொருவர் ஆக்சிஜனில் இருக்கிறார்.

நவம்பர் 7

கேட்டுவிட்டேன். டீச்சர் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "லெட்டரைக் கொடுத்துரு. பேரோடயே கொடு. பால் நோட்டு மட்டும் எனக்கு வேணும்."

பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று நாளை கேட்க வேண்டும்.

நவம்பர் 8

சித்தப்பா மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டாராம். ஜீப்புக்குச் சொல்லியாயிற்று.