தெரு அகலம், பார்க்கிங்: கூட்டத்துக்கு முன்பே முடிந்துபோகும் கணக்கு

ஒருவழியாக எங்கள் தெருவின் வரைபடம் இறுதியாகிவிட்டது. நிம்மதிதான், ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. உங்கள் தெருவையும் தோண்டிப் புதிதாகப் போடப்போகிறார்கள் என்றால், கருத்துக் கேட்புக் கூட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தெருவைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எது எவ்வளவு அகலம் என்று காட்டும் குறுக்குவெட்டுப் படத்தில் அகலத்தை எழுதிய பிறகுதான் அந்தக் கூட்டமே கூடும்.

மேல் தாரைச் சுரண்டிவிட்டு மறுபடி தார் போடுகிற வேலையா, அடித்தளம் வரை பெயர்த்துச் செய்கிற வேலையா என்பதை முதலில் கேட்டு வையுங்கள். முதல் வகையில் ஓரக்கல் (சாலையின் விளிம்பில் பதிக்கும் கல்) நகராது, அகலத்தைப் பற்றிப் பேசுவதே வீண். இரண்டாவதில் ஓரக்கல்லும் மழைநீர் வடிகால் வாய்களும் எப்படியும் பெயர்த்து வைக்கப்படும். ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வைப்பதால் பெரிதாகச் செலவு கூடாது. தார்ப்பரப்பு குறைவதால் மிச்சம்கூட ஆகலாம்.

எங்களுக்குப் பாதி நேரத்தைத் தின்றது ஒரே ஒரு எண். படத்தில் 8.4 மீட்டர் என்று போட்டிருந்தது. ஓரக்கல் முகத்திலிருந்து எதிர் ஓரக்கல் முகம் வரை என்று நினைத்து ஆளுக்கு ஆள் வாதாடினோம். அது வெறும் தாரின் அகலம் என்று கடைசியில்தான் சொன்னார்கள். இருபுறமும் 30 செ.மீ. கான்கிரீட் நீரோட்டப் பட்டை தனி, ஆக மொத்தம் 9 மீட்டர். 60 செ.மீ. வித்தியாசத்தில் ஒரு பக்க பார்க்கிங்கே இருக்கும் அல்லது போகும். 'எந்த முகத்திலிருந்து எந்த முகம் வரை' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பார்க்கிங் கணக்கெடுப்பு. அலுவலகம் வேலைநாள் மதியத்தில் எண்ணியிருந்தது. குடியிருப்புத் தெருவில் மதியம் யார் வண்டி நிற்கும்? பாதிக்கு மேல் காலி என்று எழுதி, ஒரு பக்க பார்க்கிங்கை எடுத்துவிட்டார்கள். எண்ண வேண்டியது இரவு 10 மணிக்கு மேல், விடியற்காலை 5 மணிக்குள்: வேலைநாள் இரவு ஒன்று, வார இறுதி இரவு ஒன்று. எத்தனை வண்டி என்பதோடு, எந்த வீட்டுக்கு முன்னால் என்றும் குறியுங்கள். 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் தெரு நிறைந்ததாகவே கருதுவது வழக்கம்.

இடத்தை எண்ணுவதிலும் ஒரு குளறுபடி. மொத்த நீளத்தை 6 மீட்டரால் வகுத்து இத்தனை கார் நிற்கும் என்று எழுதிவிடுகிறார்கள். நடைமுறையில் வீட்டு வாசல்கள் அந்த நீளத்தைத் துண்டு போட்டுவிடும். இரண்டு வாசல்களுக்கு நடுவே 11 மீட்டர் இருந்தால் ஒரு கார்தான் தாராளமாக நிற்கும், 4.5 மீட்டர் இருந்தால் ஒன்றுமே இல்லை. முனையிலிருந்து 6 மீட்டரைக் கழியுங்கள், இல்லையென்றால் திரும்புகிற வண்டிக்குக் குறுக்கே நடப்பவர் தெரியமாட்டார். டேப்பை எடுத்துத் துண்டு துண்டாக அளந்து கொடுத்த தாளுக்குத்தான் பொறியாளரிடம் மரியாதை கிடைத்தது.

உண்மையான முட்டுக்கட்டை தீயணைப்புத் துறையின் கடிதம். 6.1 மீட்டர் தடையில்லாத வழி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நிறுத்திய கார் ஒன்றுக்கு 2.1 மீட்டர் என்றால், இருபக்கமும் நிறுத்தினால் 9 மீட்டரில் மிஞ்சுவது 4.8. தீயணைப்பு வண்டியின் அகலம் சுமார் 2.5 மீட்டர்தான், போய்விடும். ஆனால் நின்று வேலை செய்ய, அதாவது தாங்குகால் விரித்து ஏணி தூக்க, கதவு திறந்து குழாய் இழுக்க, அது போதாது. இதைச் சொல்லித்தான் ஒரு பக்கத்தை எடுக்கச் சொன்னார்கள்.

தீர்வு, தெரு முழுக்க 6.1 கேட்காமல், நிற்க வேண்டிய இடங்களில் மட்டும் கொடுப்பது. ஹைட்ரன்டுக்கு (தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுக்கும் தெருக்குழாய்க்கு) முன்னே, அந்த ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்தத் தடை போட்டால் அங்கே 4.8 உடன் 2.1 சேர்ந்து 6.9 ஆகிவிடும். ஹைட்ரன்டுக்கு இருபுறமும் 4.5 மீட்டர் விட்டால் போதும் என்றுதான் முதலில் எழுதினார்கள். அந்த மொத்தம் 9 மீட்டர் நீளத்தில் 10 மீட்டருக்கு மேல் நீளமான தீயணைப்பு வண்டி எப்படி நிற்கும்? மொத்தம் 15 மீட்டராக நீட்டச் சொன்னோம். இழந்தது ஒரே ஒரு கார் இடம். அதே இடைவெளிகளில்தான் எதிர் எதிரே வரும் கார்களும் ஒதுங்கிக்கொள்ளும். நடுவில் இரண்டு கார் விரைந்து கடக்க முடியாத அகலம் என்பதால் வேகமும் குறையும். அகலத்தைக் கூட்டிவிட்டு, பிறகு வேகத்தடைக்கு மனு எழுதுவதைவிட இது மேல்.

தெருவின் நிலம் எங்கே முடிகிறது என்று காட்டும் எல்லை வரைபடம் கிடைப்பதுதான் ஜவ்வாக இழுத்தது. ஒரு மேசையில் கேட்டால் அடுத்த மேசை, அங்கே கடிதம் வேண்டும், கடிதத்துக்கு முதல் மேசையே கையெழுத்து. முதலிலேயே விண்ணப்பித்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வையுங்கள். அந்தப் படம் இல்லாமல் மரங்களை எந்தப் பக்கம் காப்பாற்றலாம் என்று சொல்லவே முடியாது. ஒரு வரிசை மரம் சுவரோரம் இருந்தால், மையக்கோட்டை எதிர்ப்பக்கம் தள்ளலாம். இரண்டு பக்கமும் சமமாகக் குறைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வாசல் சரிவுகளையும் பாருங்கள். ஓரக்கல் நகர்ந்தால் சரிவின் நீளமும் உயரமும் மாறும். தாழ்வான கார்களின் அடி இடிக்கும். வீட்டுக்கு வீடு மட்டம் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கடைசியாக, கான்கிரீட் போடுவதற்கு முன் கயிறு கட்டி முளை அடிப்பார்கள். அன்றைக்கு டேப்போடு போய் முகத்திலிருந்து முகம் 9 மீட்டர் இருக்கிறதா என்று மூன்று நான்கு இடத்தில் அளந்துவிடுங்கள். நிறுத்தத் தடைப் பலகைகள் எந்தெந்தக் கம்பத்தில் வரும் என்ற தாளையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அவை விடுபட்டிருந்தன.