வரிசையின் கடைசியில்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் பாரிஸ் கிளை மலருக்கு, படிப்பித்த சேரைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று முறை தொலைபேசி எடுத்துவிட்டார்கள். மூன்றாம் பாடம், பின் வாங்கு, சோக்குத் துண்டு என்றால் மீதி உங்களுக்கே தெரியும். நான் பால்மா வரிசையைப் பற்றி எழுதுகிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமமே எழும்பி நடந்த பிறகு, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேரும் நாங்கள் நாலு பேரும் தொண்டு செய்தோம். தொண்டு என்றால் பெயர் பதிவது, வாளி தூக்குவது, பால் கரைத்து ஊற்றுவது, அவ்வளவுதான். ஒருநாள் எங்கள் வகுப்புப் பொடியன் செம்போடு வந்தான். அவனுக்கு ஒரு அகப்பை கூட ஊற்றினேன். சேர் கண்டுவிட்டார். அகப்பையை வாங்கிக்கொண்டு ஒரு தகரப் பேணியைத் தந்தார்.

"போய்க் கடைசியில நில். கை நீட்டி நிண்டு பார்."

ஒன்றரை மணி நேரம். முன்னால் நின்ற ஆச்சி திரும்பி, "தம்பி, நீர் அங்க ஊத்தின பிள்ளையெல்லே?" என்றார். என் முறை வந்தபோது சேர் முன்பின் தெரியாதவர்போல ஒரு அகப்பை ஊற்றினார். குடித்தேனா என்று நினைவில்லை. பேணியின் விளிம்பு நெளிந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த ஆண்டு கிளாலி, வவுனியா, கொழும்பு, அப்புறம் இங்கே, பிரான்ஸ். சேரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இங்கே வான் வண்டி ஓடினேன். சொம் மாவட்டத்தில் 'நெல்' என்றே ஓர் ஊர் இருக்கிறது. விளைவதெல்லாம் கோதுமையும் சீனி எடுக்கிற பீட்டும். அதற்குப் பக்கத்தில்தான் கிரெக்கூர் என்ற கிராமம். முதலாம் உலகப் போரில், 1917இல் ஜெர்மன் படை பின்வாங்கியபோது அந்தப் பக்கத்து வீடுகளை இடித்து, கிணறுகளைக் கெடுத்து, பழமரங்களையும் தறித்துவிட்டுப் போனது. ஊரில் பங்கர் கட்டப் பனை தறித்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அங்கே உதவிக்கு வந்தவர்கள் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரிப் பழைய மாணவிகள். ஆம், பழைய மாணவர் சங்கம்தான்! யோசனையைக் கிளப்பியவர் கிரீட் தீவில் அகழாய்வு செய்த ஹரியட் பாய்ட் ஹாஸ். பணத்தை அனுப்பிவிட்டு ஆண்டு விருந்தில் கைதட்டியிருக்கலாம். அவர்களோ கப்பலேறி வந்து, இடிந்த மாளிகை வளவுக்குள் பலகைக் கொட்டில் போட்டு, குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடந்தார்கள். பெண் மருத்துவர்களும் கூட வந்திருந்தார்கள். மாடு, கோழி வாங்கிக் கொடுத்தார்கள். சேற்றுத் தெருவில் தாங்களே லொறி ஓட்டினார்கள்.

அந்த லொறியில் ஒரு கடையும் ஓடியது. துணிமணி, சட்டி பானை எல்லாவற்றையும் இனாமாகக் கொடுக்காமல் குறைந்த விலைக்கு விற்றார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் கை நீட்டி நிற்க வேண்டியதில்லையே. இதை வாசித்த அன்று வானை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

1918 மார்ச் 21 ஜெர்மன் படை மறுபடி பாய்ந்தது. ஆறு மாத வேலை போயிற்று. சனத்தை ஏற்றி இறக்கவே அந்த வண்டிகள் ஓடின. மாளிகை போனாலும் அதன் இரும்புக் கேற் எஞ்சியது. அதே மாதிரி ஒரு கேற்றை 1924இல் தங்கள் கல்லூரியில் நிறுத்தினார்கள். நம் சங்கமும் சேர் பெயரில் வளைவு கட்டப் போகிறது. கல்வெட்டில் யார் யார் பெயர் வருவது என்று இரண்டு கூட்டம் நடந்து முடிந்திருக்கிறது. நானும் நூறு யூரோ கொடுத்தேன்.

கிரெக்கூர் கேற்றைப் படமெடுத்து, இந்தக் கதையையும் நாலு பக்கத்துக்கு எழுதி, இருபது வருசம் கழித்துச் சேருக்கு அனுப்பினேன். பேணியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. வந்த பதிலில் அவரும் எழுதவில்லை. சுகம் விசாரித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: "ஒரு சட்டி என்ன விலைக்கு விற்றார்கள்? அதை எழுதவில்லையே."

விலையைத் தேடிப் பிடித்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன்.