கிண்ணியாவில் கொடுவாத் தூண்டில்

திருகோணமலையில் கொடுவா மீன் பிடிக்க ஆழ்கடலுக்குப் போகத் தேவையில்லை. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடம் போதும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. கிண்ணியா, உப்பாறு, இறால்குழி, மூதூர் என்று அந்தப் பக்கம் முழுக்க ஓடையும் கண்டல் காடும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை இந்தத் தண்ணீரைப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். இப்போது 396 மீற்றர் பாலம், மோட்டார் சைக்கிளில் ஏறினால் வந்ததே தெரியாது.

நான் போனது மாரி மழை ஓய்ந்து தண்ணீர் தெளியத் தொடங்கிய பங்குனியில். கூட்டிப் போனவர் கிண்ணியாவில் வீச்சு வலை போடுகிற ஒரு நானா, அதாவது முஸ்லிம் அண்ணர். தூண்டிலில் மாட்டுகிற பொய் இரைகள், அதாவது லூர்கள், இருந்த என் பெட்டியைத் திறந்து, வெள்ளி நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மீனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது என்ன விலை தம்பி?” சொன்னேன். அதை எடுத்த இடத்திலேயே மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டார்.

கொடுவா இரையைத் தேடி அலைகிற மீனில்லை, ஒளிந்து நிற்கிற மீன். பாலத்துத் தூண், சாய்ந்த கண்டல் வேர், சின்ன ஓடை பெரிய தண்ணீரில் சேரும் மூலை, இவைதான் அதன் இடம். வற்று தொடங்கினால், அதாவது கடல் இறங்கத் தொடங்கினால், மணலை மீன் குஞ்சும் இறாலும் ஓடை வழியாக வெளியே வந்தாக வேண்டும். கொடுவா வாசலில் காத்திருப்பார். திருகோணமலையில் கடல் ஏறி இறங்குவதே இரண்டடி அளவுதான். யூடியூப்பில் பார்க்கிற ஆஸ்திரேலியக் கழிமுகங்களை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ஒடுங்கிய ஓடைக்கு அந்த இரண்டடி போதும், தண்ணீர் சுழித்து இழுக்கும். கலங்கலும் தெளிவும் சேருமிடத்தில் ஒரு கோடு தெரியும். லூர் அந்தக் கோட்டில் விழ வேண்டும், ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், தள்ளி விழுந்தாலும் வீண். எனக்கு அதை முதலில் காட்டியது நானாதான். வலைக்காரரின் கண்.

இழுப்பதிலும் அவசரம் கூடாது. தூண்டில் கம்பால் சின்னதாக இரண்டு வெட்டு, பிறகு நிறுத்தம். கடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் வரும். கொடுவா கவ்விப் பிடிப்பதில்லை. வாயைப் படாரென்று திறந்து தண்ணீரோடு இரையையும் உறிஞ்சிவிடும். மைம்மலில், இருட்டுகிற நேரம், வேரோரமாக, “டொப்” என்று ஒரு சத்தம். நூல் இறுகியது. அடுத்த நொடி மீன் முழு உடம்பும் தண்ணீருக்கு மேலே, செவுளை விரித்து, தலையை உதறு உதறென்று உதறியது. அந்த நேரம் கம்பைத் தாழ்த்திப் பிடிக்காவிட்டால் லூர் கழன்று நம் முகத்துக்கே வரும்.

செவுள் மூடியின் ஓரம் சவர அலகு மாதிரி. அதனால்தான் 30 றாத்தல் தாங்கும் பிரெய்ட் (பின்னல்) நூலின் நுனியில் 50 றாத்தல் தாங்கும் தங்கூசி (நைலோன் நரம்பு) ஒரு பாகம் கட்டுவது. கரைக்கு வந்தபோது அந்தத் தங்கூசியும் சொரசொரவென்று தேய்ந்திருந்தது. நானா டோர்ச் அடித்தார். மீனின் கண் செக்கச் சிவப்பாகத் திருப்பி மின்னியது. அளந்தால் 90 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல்.

கொடுவாக்கள் முதலில் ஆணாக முதிர்ந்து, பெரும்பாலும் இந்த அளவை நெருங்கும்போதுதான் பெண்ணாக மாறுகின்றன. பெரியவை அநேகமாக முட்டை போடுகிறவை. விக்டோரியா ஏரியில் கொண்டுபோய் விட்டு அங்கிருந்த சின்ன மீன்களைத் துடைத்தெடுத்த நைல் பேர்ச் மீனும் இதன் ஒன்றுவிட்ட சகோதரம்தான், ஆனால் கொடுவா நமது சொந்த ஊர்க்காரர். அதனால் விடுகிறேன் என்றேன்.

“விடுறதுக்கா தம்பி இவ்வளவு பாடுபட்ட நீங்க?”

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “சரி, உங்கட மீன். என்ட வலையில வந்தா நான் விட மாட்டன்.” அதில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. அவருக்கு அது வீட்டுச் செலவு. ஆனாலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்து, வால் தானாக அசையும்வரை நின்றது அவர்தான். இந்த ஓடைகளில் முதலை உண்டு என்பதால் என்னை இறங்க விடவில்லை.

அவருடைய வலையில் இரண்டு கிலோ அளவில் ஒன்று பட்டிருந்தது. அதுதான் அன்றிரவு அவர் வீட்டில் ஆணம். தலைத் துண்டை எனக்கு வைத்தார்கள். கன்னத்துச் சதையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

அடுத்த முறை மூதூர்ப் பக்கம் போகலாம் என்கிறார் நானா, ஆற்று வாயிலேயே, வள்ளத்தில், அமாவாசையை ஒட்டி. இப்போது ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்: அந்த வெள்ளிக் கலர் பிளாஸ்டிக் மீனில் அவருக்கும் ஒன்று வாங்கி வரவேண்டுமாம்.