மேக் எண்ட்ஸ் மீட்

"மேக் எண்ட்ஸ் மீட்" என்ற ஆங்கிலத் தொடருக்கு, வரும் வருமானத்தில் அடிப்படைச் செலவுகளை எப்படியாவது சமாளிப்பது என்று பொருள். வசதியாக வாழ்பவரைப் பற்றி இதை யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் "ஸ்ட்ரகிள்" என்ற வினையோடு சேர்ந்து, திணறலைக் குறிக்கவே வருகிறது.

ஆங்கில எழுத்தாளர் தாமஸ் ஃபுல்லரின் நூல் ஒன்று 1662இல் வெளிவந்தது. முனைகளைச் சேர வைப்பது என்ற இந்தத் தொடர் அதிலேயே வருகிறது. பேராயர் எட்மண்ட் கிரிண்டல் செல்வத்தை நாடாமல் இரு முனைகளும் சேர்ந்தால் போதும் என்றிருந்தார் என்றும், முனை தாண்டி மிஞ்சிய சிறிதளவையும் அறப்பணிக்குக் கொடுத்தார் என்றும் அதில் எழுதுகிறார். அந்த "மிஞ்சிய சிறிதளவு" என்னை நெகிழ வைக்கிறது.

இந்தத் தொடரை "முனைகளைச் சந்திக்க வைத்தல்" என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்களைப் பார்க்கிறேன். அது தமிழே ஆகாது. "வரவுக்கும் செலவுக்கும் சரியாய்ப் போகிறது" என்பதே நம் வழக்கு. மாதக் கடைசியில் என் அம்மா, பால் கணக்கு எழுதிய காலண்டர் தாளின் ஓரத்தில் மளிகை பாக்கியைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஐந்தறைப் பெட்டியின் கடுகுக் கிண்ணத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த பத்து ரூபாயை எடுக்கும்போது சொன்ன வாசகம் அதுதான்.