ஜோவா விரியவில்லையா, கவிழ்த்துப் பாருங்கள்

செம்பூர் வீட்டு ஹாலில் இருக்கும் ரீஃப் டேங்கில், அதாவது பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில், எனக்கு உயிரே ஜோவாக்கள்தான், பூப்போல விரிந்து கொத்தாக வளரும் கடல் உயிரினங்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அந்தப் பக்கமே நான் போவதில்லை. ஜோவா, மஷ்ரூம், லெதர் என்று கல்லாகாத வகைகள், அவ்வளவுதான். அதில் ஒரு கொத்து விளக்கு போட்டும் விரியாமல் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் வந்த புது ஜோவா ஒன்று அப்படித்தான் கிடந்தது. புதிதாக வருவதெல்லாம் முதலில் பால்கனி ஓரத்துச் சின்னத் தொட்டியில்தான் இருக்கும். உப்பு, சூடு, ஆல்கலினிட்டி எல்லாம் சரி. பக்கத்துக் கொத்தோ ஜம்மென்று விரிந்திருந்தது. ஒரே தண்ணீரில் ஒன்று மட்டும் சுருங்கினால், ஏதோ அதைத் தின்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

விளக்கு அணைந்தபின் டார்ச் அடித்துப் பார்த்தேன். கொத்தின் ஒவ்வொரு ‘பூவும்’ ஒரு பாலிப்; பாலிப்போடு பாலிப்பாக ஒட்டிக்கொண்டு ஒரு நியூடிபிராங்க், ஓடில்லாத கடல் நத்தை. அரிசி நீளம் இருக்கும். முதுகுத் தூவிகள் அச்சு அசல் ஜோவாவின் விளிம்பு, நுனியில் அதே பச்சை. தின்கிற ஜோவாவின் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொள்ளும். பகலில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

தொட்டித் தண்ணீரிலேயே அயோடின் டிப் (ஒட்டியிருப்பதை உதிர்க்கும் மருந்து) கலந்து கொத்தை முக்கி, சிரிஞ்சால் இடுக்கெல்லாம் பீய்ச்சினேன். நத்தைகள் உதிர்ந்தன. பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. டிப் முட்டையை ஒன்றும் செய்யாது. கொத்தைக் கவிழ்த்தால் தண்டுக்கு அடியிலும், கொத்து ஒட்டியிருக்கும் பிளக் என்ற சின்ன வட்டின் ஓரத்திலும் வெள்ளை ஜவ்வாகச் சுருள் சுருளாக முட்டை. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, பிளக்கையும் பெயர்த்துத் தூக்கிப் போட்டேன். கண்ணுக்குத் தப்பியது பொரிக்குமே, அதனால் வாரா வாரம் திரும்ப டிப். முட்டையே தென்படாமல் சில வாரம் போன பிறகுதான் பெரிய டேங்க்.

கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். அம்மா பாத்திரம் தேய்க்கும் சிங்க்கில் இந்த வேலையே கூடாது. சில ஜோவாக்களில், குறிப்பாகப் பெரிய பாலித்தோவா வகைகளில், பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஜோவா ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

அடுத்த முறை வாங்கும்போது, எந்தக் கடையானாலும் சரி, கொத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.